ஜமாவை விடாமல் சரக்கைக் குறைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். சனிக்கிழமை ராத்திரி பள்ளிக்கூட நண்பர்கள் ஐந்து பேர் ஒருவனுடைய தோட்டத்து மோட்டார் ரூமில் கூடுவோம். பிராந்தி ஒரு குவார்ட்டரில் ஆரம்பித்து ஒன்றரையில் முடிகிறது. மற்ற நாளில் தொடுவதில்லை. போன மாதம் ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று வந்தது. குறைக்க வேண்டும், ஆனால் ஜமாவை விட மனசில்லை. பீருக்கு மாறினால் போதுமா?

பதில்: பீர் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். நம் ஊர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. உங்கள் ஒன்றரை என்பது 90 கிராம். லேபிளில் 7 சதவீதம் என்று போட்ட 650 மில்லி பீரில் 36 கிராம். இரண்டு பாட்டில் காலியானால் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிடுவீர்கள். ஆகவே அந்த வழி வேண்டாம்.

கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழு முதல் பத்து கிராம் வரைதான் கழிக்கும். மோர், லெமன், குளியல், தூக்கம் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. எட்டு மணிக்கு ஆரம்பித்தாலும் 90 கிராம் வெளியேற விடிந்துவிடும். சிலருக்கு ஞாயிற்றுக்கிழமை கறி வாங்க வண்டியை எடுக்கும்போதும் மிச்சம் இருக்கும். ராத்திரி வண்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே சட்டப்படி குற்றம். உங்களைத் தோட்டத்திலிருந்து யார் கூட்டி வருகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பும் (அதுதான் ஃபேட்டி லிவர்) தெரிந்துவிட்டதால் என் யோசனை இது: முதல் ஆறு வாரம் ஒரு சொட்டுகூட வேண்டாம். ஆனால் சனிக்கிழமை தவறாமல் போங்கள். குடியால் சேர்ந்த ஆரம்பக் கட்டக் கொழுப்பு பெரும்பாலும் சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும். தொப்பை, சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இவற்றாலும் கொழுப்பு சேரும் என்பதால் அந்த ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்து எடுங்கள்.

மோட்டார் ரூமில் எப்படி உட்காருவது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. நம் ஊர்ப் பழக்கத்தில் சோறு கடைசியில்தான் வரும். பதினோரு மணிக்குப் பார்சல் பிரிக்கிற வரைக்கும் வெறும் வயிற்றில் மிக்சரும் கடலையும். சாப்பாடு வரும்வரை ரவுண்டு நிற்காது. இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். பரோட்டாவோ பிரியாணியோ உங்கள் பொறுப்பு என்று சொல்லி, எட்டு மணிக்கே இலையை விரித்துவிடுங்கள். வயிறு நிறைந்தவனுக்கு இரண்டாவது ரவுண்டில் ஆசை பாதியாகிவிடும், குடிப்பவர்களுக்கும் ஏறுவது மெதுவாகும். இன்னொரு லாபமும் உண்டு. செலவை ஐந்தாகப் பிரிக்கும்போது, 'காசு கொடுத்தாச்சு, என் பங்கை ஏன் விடணும்' என்று மனசு கணக்குப் போடும். சாப்பாட்டுச் செலவு உங்களுடையது என்றால் அந்தக் கணக்கிலிருந்து விலகிவிடலாம்.

'ஆன்டிபயாட்டிக் சாப்பிடறேன்' என்று பொய் சொல்லாதீர்கள். அடுத்த வாரமே, 'மாத்திரை முடிஞ்சுதா மாப்ளே?' என்று கேட்பார்கள். ஐவரில் யார் அதிகம் ஊற்றிக் கொடுக்கிறாரோ, அவரிடம் வெள்ளிக்கிழமையே தனியாகப் போனில் ஸ்கேன் விஷயத்தைச் சொல்லுங்கள். கூட்டத்தில் கேலி செய்கிறவர்தான் தனியாகக் கேட்டால் முதலில் பதறுவார். வேண்டுமானால் என்னையும் திட்டட்டும்.

ஆறு வாரத்துக்குப் பிறகு பரிசோதனை சரியாக இருந்து, அப்போதும் குடிக்க வேண்டும் என்று தோன்றினால், ஒரு கட்டிங்கைத் தாண்ட வேண்டாம். 90 மில்லி, அதாவது 30 கிராம். அதுவும் எல்லா வாரமும் அல்ல. உங்கள் தம்ளரில் நீங்களே ஊற்றுங்கள், காலியாகும் முன் யாரும் நிரப்ப விடாதீர்கள். எத்தனை ரவுண்டு என்பது தெரியாமல் போவது அங்கேதான்.

ஒரு எச்சரிக்கை உங்களுக்கல்ல, இதைப் படிக்கும் தினக்குடிகாரர்களுக்கு. காலையில் கை நடுக்கம், வியர்வை, ஒரு மடக்கு போட்டால்தான் அடங்கும் என்றால், சட்டென்று நிறுத்தாதீர்கள். வலிப்பும் மனக்குழப்பமும் உயிரையே வாங்கலாம். மருத்துவரிடம் போய்த்தான் நிறுத்த வேண்டும். வீட்டில் யாராவது தெரியாமல் குழம்பில் 'குடி நிறுத்தும் மாத்திரை' கலந்து கொடுப்பதும் ஆபத்து. அப்படிப்பட்ட மாத்திரையான டைசல்ஃபிரம் உள்ளே இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் விழுதல், சில நேரம் மரணம்.

ஆறு வாரத்தில் மூன்றாவது சனிக்கிழமையே கை நீண்டுவிட்டால் ஒளிக்க வேண்டாம். ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரைகள் உண்டு. கல்லீரல் பரிசோதனையைப் பார்த்துவிட்டு மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் போய்க் கேளுங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.