பனங்காட்டில் ஒரு நாள்: வாசகர் கேள்வி – பதில்

தூத்துக்குடி மாவட்டம் உடன்குடிப் பக்கம் பதநீர் இறக்கும் விளைகளை, அதாவது பனந்தோப்புகளைப் போய்ப் பார்க்க விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

மதுரையிலிருந்து காரில் போய் அன்றே திரும்ப முடியுமா? எந்த மாதம் நல்லது? (வாசகி, மதுரை)

போய்த் திரும்பலாம். ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆறு மணிக்கு மதுரையில் புறப்பட்டால் உடன்குடி சேரும்போது பத்தாகிவிடும். அதற்குள் கலயங்கள் இறங்கி, பதநீர் அடுப்பேறியிருக்கும். முதல்நாள் இரவே திருச்செந்தூரில் தங்கிவிடுங்கள். அங்கிருந்து உடன்குடி சுமார் 15 கி.மீ. விடியும்போது விளையில் நிற்க வேண்டும்.

மாசி தொடங்கி ஆடி வரை பருவம். சித்திரை, வைகாசியில்தான் சுரப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் போனால் கடையில் கருப்பட்டி வாங்கலாம், அவ்வளவுதான். பருவத்திலும் முந்தின இரவு மழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கலயத்தில் மழைநீர் கலந்து பதநீர் சப்பென்று இருக்கும். அன்று பெரும்பாலும் கருப்பட்டி காய்ச்ச மாட்டார்கள்.

காலை வேலை ஒன்பது, ஒன்பதரைக்கு அடங்கிவிடும். பிறகு விடிலிக்கு, அதாவது கருப்பட்டி காய்ச்சும் குடிசைக்குப் போங்கள். வெயில் ஏறியதும் குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் காட்டில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. பிள்ளைகள் இருந்தால் தேரியை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலுக்குக் கடற்கரை ஊரான மணப்பாடு இருக்கிறது. பனையோலைப் பெட்டி முடையும் பெண்களை அங்கே பார்க்கலாம்.

வழியில் குலசேகரன்பட்டினம் வரும். தசராவுக்குத்தான் இன்று பெயர். ஒரு காலத்தில் பனையிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை அங்கே ஓடியது. அதற்காகத் திருச்செந்தூர், உடன்குடி, திசையன்விளையை இணைத்துச் சின்ன ரயில் ஒன்றும் 1940 வரை ஓடியது. உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-இல்தான்.

பதநீரில் சுண்ணாம்பு எதற்கு? அது இல்லாமல் கிடைக்காதா? (வாசகர், சேலம்)

கிடைக்கும், அதற்குப் பெயர் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இரண்டும் ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. பனையேறி பாளையைக் கடிப்பு என்ற மரக்கிடுக்கியால் நெரித்து, நுனியை அரிவாளால் மெல்லிய வில்லையாகச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டுகிறார். சொட்டத் தொடங்கிய உடனே காற்றிலிருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் சாற்றில் வேலையைத் தொடங்கிவிடும். கலயத்தின் உள்பக்கம் பூசிய சுண்ணாம்பு சாற்றுக்குக் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) கொடுத்து அவற்றை அடக்கி வைக்கிறது.

கைப்பக்குவம் தெரிவது இந்தப் பூச்சில்தான். குறைந்தால் காலைக்குள் புளிப்பு தட்டும். கூடினால் நாக்கில் அரிக்கும். காய்ச்சும் கருப்பட்டியும் நிறம் கெட்டுப்போகும். கலயத்தைக் கழுவாமல் பழைய பூச்சின் மேலேயே பூசினால் பயனில்லை, ஏனென்றால் அடியில் புளித்த மண்டி இருக்கும். இறக்கிய பதநீரைச் சிறிது நேரம் ஆடாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலாக மொண்டு, வடிகட்டிக் குடியுங்கள். கலக்கிக் குடித்துவிட்டு வயிறு சரியில்லை என்று பனையைத் திட்டுபவர்கள் நிறைய.

சீவுவதிலும் கணக்கு உண்டு. தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு நேரம் சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைத்துச் சொட்டு நின்றுவிடும். அதனால்தான் காலையும் மாலையும் அதே மரங்களில், முப்பது நாற்பது என்றாலும், ஏறியே ஆக வேண்டியிருக்கிறது.

கன்னியாகுமரிப் பக்கம் போனால் அக்கானி என்றும், கொங்குப் பக்கம் தெளுவு என்றும் கேளுங்கள். திருச்செந்தூர் வட்டாரப் பேச்சில் பயினி.

இரண்டு லிட்டர் பாட்டிலில் பதநீர் வாங்கி வந்தேன். வீட்டுக்கு வருவதற்குள் மூடி தெறித்து கார் முழுக்க நாற்றம். கலப்படமா? (வாசகர், விருதுநகர்)

கலப்படம் இல்லை. அசல் என்பதால்தான் தெறித்தது. சுண்ணாம்பு புளிப்பைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. சூடான காரில், இறுக மூடிய பாட்டிலில் நொதித்தல் தொடங்கி வாயு சேர்ந்தால் மூடி நிற்காது. கழுத்து வரை நிரப்பாமல் நான்கு விரல் இடம் விடுங்கள், மூடியைத் தளர்வாக வையுங்கள், ஐஸ் பெட்டிக்குள் வைத்து எடுத்து வாருங்கள். வீடு சேர்ந்ததும் ஒரு கொதி விட்டு ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். சுவை கொஞ்சம் மாறும், அதற்கு மாற்று வழி கிடையாது. புளிப்பு வாடை வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள்.

உண்மையில் பதநீர் எடுத்துவரும் பொருளே அல்ல. மரத்தடியில், பச்சை ஓலைப் பட்டையில், நாலு நுங்கைத் தோண்டிப் போட்டுக் குடிப்பதற்கானது. வீட்டுக்குக் கொண்டுவரக் கருப்பட்டி இருக்கிறது.

சர்க்கரை நோய் உள்ள அப்பாவையும் அழைத்துப் போகிறோம். பதநீர் இயற்கைதானே, குடிக்கலாமா? (வாசகி, திருநெல்வேலி)

பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. 200 மி.லி. தம்ளர் ஒன்றில் 20 கிராமுக்கு மேல் போகிறது, அதாவது நாலைந்து தேக்கரண்டி. மரத்திலிருந்து வந்தது என்பது ரத்தத்துக்குத் தெரியாது. கருப்பட்டிக்கும் இதே பதில். டாக்டரைக் கேளுங்கள், அப்பாவுக்கு நுங்கு வாங்கிக் கொடுங்கள், அதுவும் இளசாக, அளவாக.

விடிலியில் என்ன பார்க்க வேண்டும்? நல்ல கருப்பட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், கோயம்புத்தூர்)

ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். மீதி எல்லாம் ஆவிதான், அதனால் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் எண்ணத்தை விடுங்கள். பனைமட்டையும் காய்ந்த ஓலையும்தான் விறகு. பொங்கி வழியப் போகும்போது நசுக்கிய ஆமணக்கு விதையை ஒரு சிட்டிகை போடுவார்கள். அதிலுள்ள எண்ணெய் பட்டதும் நுரை அடங்கும். கடைசிக் கால் மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டால் உடனே இறக்கி, துடுப்பால் கிண்டி, நனைத்த சிரட்டைகளில் ஊற்றுவார்கள். இறக்கத் தாமதித்தால் தீய்ந்த வாடை. முந்தி இறக்கினால் எத்தனை நாளானாலும் களிம்பாகவே கிடக்கும். பதநீர் ஏற்கெனவே புளித்திருந்தாலும் இறுகாது, ஏனென்றால் புளிப்பு சர்க்கரையை உடைத்துவிடுகிறது.

வாங்கும்போது உடைத்துப் பாருங்கள். வெள்ளைச் சர்க்கரை கலந்தது கல்லுப்போல் கடினமாக, உடைத்த முகம் மினுமினுப்பாக, வெறும் இனிப்பாக இருக்கும். நல்லது மங்கலாக இருக்கும், இனிப்போடு மெல்லிய கரிப்பும் தட்டும், மழைக்காலத்தில் கசியும். கசிவதைக் குறையாக எண்ண வேண்டாம். ஓலைப்பெட்டியில் போட்டு, அடுப்புக்கு மேலே பரணில் வைக்கும் பழைய வழக்கம் இதற்காகத்தான். கிலோ விலை சர்க்கரை விலையை நெருங்கி இருந்தால் சோதனையே தேவையில்லை, வாங்காமல் வந்துவிடுங்கள்.

பனையேறியிடம் எப்படிப் பேசுவது? பணம் கொடுக்கலாமா? (வாசகர், சென்னை)

மரத்தில் இருப்பவரிடம் பேசாதீர்கள், கீழே நின்று கூப்பிட்டு படத்துக்குச் சிரிக்கச் சொல்லாதீர்கள், அவர் ஏறியிருக்கும் மரத்துக்கு நேர் கீழே நிற்காதீர்கள். அரிவாளோ மட்டையோ விழலாம். இறங்கியதும் அண்ணாச்சி என்று கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். குடித்ததற்குப் பணம் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். காலைப் பதநீர் முழுவதும் காய்ச்சுவதற்குக் கணக்கு வைத்திருப்பார்; பத்துப் பேர் சொல்லாமல் போய் ஆளுக்கு இரண்டு பட்டை குடித்தால் அன்றைய கருப்பட்டியில் துண்டு விழும். முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

கருப்பட்டிக் காப்பியில் பால் திரிந்துபோகிறது. ஏன்? (வாசகி, தஞ்சாவூர்)

கொதிக்கும் பாலில் கருப்பட்டியைப் போடுகிறீர்கள். கருப்பட்டியில் கொஞ்சம் அமிலம் இருக்கும். பதநீர் சற்றுப் புளித்த பிறகு காய்ச்சியது என்றால் இன்னும் அதிகம். கருப்பட்டியைத் தனியாகத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, மணல் போக வடிகட்டி, டிகாக்‌ஷனோடு தம்ளரில் ஊற்றுங்கள். பாலை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பிறகு கடைசியாகச் சேருங்கள். அப்படியும் திரிந்தால் அந்தக் கருப்பட்டியைச் சுக்குக் காப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் சுக்கு, 100 கிராம் வறுத்த மல்லி, ஒரு தேக்கரண்டி மிளகு, நாலு ஏலக்காய் பொடித்தால் போதும். தம்ளருக்கு ஒரு தேக்கரண்டி பொடி, பால் வேண்டாம்.