முழங்கையைப் பார்க்க ஆள் இல்லாமல் போன கதையும் உங்கள் மகள் கேட்கும் படிப்பும்

போன வாரம் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் படிப்பு ஆலோசனைக்காக என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பெரியப்பா, நடுவில் தலையைக் குனிந்தபடி பொண்ணு. நீட் இரண்டு முறை எழுதியாகிவிட்டது. மூன்றாவது முறையும் எழுதட்டும், அதிலும் வராவிட்டால் தோட்டத்தில் பாதியை விற்று நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மேனேஜ்மென்ட் சீட் வாங்கிவிடலாம் என்று பெரியப்பாவே முக்கால் மணி நேரம் பேசினார். "உனக்கு எதில் ஆர்வம்மா?" என்று நான் கேட்டதும் அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். அதில் நாலு பக்கம் முழுக்க பாகிஸ்தானின் ஒரு வேகப்பந்து வீச்சாளரைப் பற்றி எழுதியிருந்தாள். கடைசியில் சிவப்பு மையில் ஒரு கேள்வி: இவருடைய முழங்கையை ஏன் யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை?

பெரியப்பா சிரித்தார். "பாகிஸ்தான்காரன் முழங்கை நமக்கு எதுக்கு?" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "படிக்கிற நேரத்துல இதைத்தான் சார் பண்ணிட்டு இருந்திருக்கா" என்றார்.

அம்மா, அன்றைக்கு நேரமில்லாததால் உங்களைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டேன். அது தப்பு. ஊர், பேர் சொல்லாமல் எழுதிக்கொள்ளலாம் என்று நீங்கள் அனுமதித்ததால், அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கிற மற்ற பெற்றோரும் படிக்கட்டும். உங்கள் மகள் நேரத்தை வீணடிக்கவில்லை. அவள் கேட்டது ஒரு தொழிலின் அடிப்படைக் கேள்வி. இரண்டு வருட கோச்சிங்கில் அவள் எழுதிய பக்கங்களிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த நாலு பக்கம்தான்.

அதில் இருப்பது இஹ்சானுல்லாவின் கதை. ஸ்வாத் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர், 2002-ல் பிறந்தவர். 2023 பிப்ரவரியில் பிஎஸ்எல் எனப்படும் பாகிஸ்தான் சூப்பர் லீக் டி20 போட்டியில் முல்தான் அணிக்காக 12 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார், பந்து 150 கிலோமீட்டர் வேகத்தில் போனது. அந்தத் தொடரில் மொத்தம் 22 விக்கெட், தொடர் நாயகன் விருதும் அவருக்குத்தான். மார்ச்சில் ஷார்ஜாவில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராகப் பாகிஸ்தான் அணியில் இறங்கினார். ஏப்ரலில் நியூசிலாந்துக்கு எதிராக ஒருநாள் போட்டி. அத்துடன் முழங்கை வலி. ஒரு ஒருநாள் போட்டி, நாலு டி20 என்ற கணக்கோடு அவருடைய சர்வதேச ஆட்டம் நின்றுவிட்டது.

காயம் எந்த வேகப்பந்து வீச்சாளருக்கும் வரும். ஆனால் இங்கே காயத்துக்குப் பிறகு நடந்ததுதான் கதை. லாகூரில் அறுவை சிகிச்சை நடந்தது, கை சரியாகவில்லை. அவருடைய பிஎஸ்எல் அணியின் உரிமையாளர் பொதுவெளியில் குரல் எழுப்பினார். 2024-ல் பாகிஸ்தான் கிரிக்கெட் வாரியம் ஒரு மருத்துவக் குழுவை அமைத்தது. காயத்தைக் கண்டறிந்ததில் தாமதம், சிகிச்சையிலும் குறை என்று அந்தக் குழு சொன்னது. அவரை இங்கிலாந்துக்கு அனுப்பி முழங்கை நிபுணரிடம் காட்டினார்கள். அதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது. 2025 ஜனவரியில் பிஎஸ்எல் வீரர்கள் தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. மனம் நொந்து இனி இந்தப் போட்டியில் ஆடவே மாட்டேன் என்று அறிவித்து, பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 22. அம்மா, உங்கள் மகளைவிட மூன்று நாலு வயதுதான் கூட.

இது முதல் முறை நடந்ததும் இல்லை. பாகிஸ்தானின் வஹாரி மாவட்டத்தில் கக்கு மண்டி என்ற சிறிய ஊரிலிருந்து முகமது ஜாஹித் என்று ஒருவர் வந்தார். 1996-ல் ராவல்பிண்டியில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட், அந்த ஒரே ஆட்டத்தில் 11 விக்கெட். அறிமுக டெஸ்டிலேயே பத்து விக்கெட்டைத் தாண்டிய முதல் பாகிஸ்தான்காரர் அவர்தான். அப்புறம் முதுகு போனது. 2003 ஜனவரியில் கேப்டவுனில் கடைசி டெஸ்ட் ஆடி முடித்தபோது மொத்தக் கணக்கு 5 டெஸ்ட், 15 விக்கெட். பதினைந்தில் பதினொன்று முதல் ஆட்டத்தில் எடுத்தது! இந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

வாசிம் அக்ரமும் வக்கார் யூனிஸும் இருந்த அணி, பின்னாலேயே ஷோயப் அக்தர் வந்துவிட்டார், இடம் கிடைப்பது கஷ்டம்தான் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், மாற்று ஆள் வரிசையில் நிற்கும்போது காயம்பட்டவனுக்காக யாரும் காத்திருப்பதில்லை. ஆனால் முதுகில் எலும்பு விரிசல் விட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம் இல்லை. வக்காரே அந்தக் காயத்தால் 1992 உலகக்கோப்பையைத் தவறவிட்டவர், திரும்பி வந்து 373 டெஸ்ட் விக்கெட்டுகளோடு முடித்தார். ஆஸ்திரேலியாவின் பாட் கம்மின்ஸைப் பாருங்கள். 2011 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட், வயது 18, 7 விக்கெட், ஆட்ட நாயகன். பிறகு முதுகு எலும்பில் திரும்பத் திரும்ப விரிசல். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில் ராஞ்சியில். ஐந்து வருடத்துக்கு மேல்! அந்த ஐந்து வருடமும் அவரைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், அவர் வீசிய பந்துகளை எண்ணினார்கள், ஓடும் முறையையும் வீசும் முறையையும் திருத்தினார்கள், இப்போது வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். 2023 நவம்பரில் அகமதாபாத்தில் உலகக்கோப்பையைத் தூக்கிய கேப்டன் அவர்தான்.

ஜாஹித் ஆடியது கம்மின்ஸுக்குப் பதினைந்து வருடம் முந்திய காலம், வேறு நாடு, வேறு பணபலம். அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், எனக்கு இருவருக்கும் நடுவே தெரிகிற பெரிய வித்தியாசம் பக்கத்தில் இருந்த ஆட்கள்தான். அந்த ஆளாகத்தான் உங்கள் மகள் ஆக நினைக்கிறாள். அதற்குப் பெயர் பிசியோதெரபி, குறிப்பாக விளையாட்டுப் பிசியோதெரபி.

"பிசியோன்னா கரண்ட் வச்சு கால் அமுக்கி விடுறதுதானே" என்று பெரியப்பா சொன்னாரே, அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வேகப்பந்து வீச்சாளர் முன்னங்காலை ஊன்றும் அந்த ஒரு நொடியில் உடல் எடையைப் போல ஐந்து மடங்கு, அதற்கும் மேலே பாரம் காலில் இறங்குகிறது. அதே நேரத்தில் முதுகு பின்னால் வளைந்து, ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பவும் செய்கிறது. வலக்கையால் வீசுகிறவருக்குப் பெரும்பாலும் இடது பக்க இடுப்பு முதுகெலும்பில் விரிசல் விடும். இருபது வயதுக்காரரின் முதுகெலும்பு இன்னும் முழுசாக முற்றியிருக்காது. விரிசல் திடீரென்று வருவதும் இல்லை. முதலில் எலும்புக்குள் வீக்கம் வரும், எம்ஆர்ஐ எடுத்தால் தெரியும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் சில வாரம், இரண்டு மூன்று மாத ஓய்வில் சரியாகிவிடும். "லேசான பிடிப்புதான், மாத்திரை போட்டுட்டு வீசு" என்று விட்டால் எலும்பு பிளந்து ஒரு வருடம் போய்விடும்.

அந்த முதல் கட்டத்தில் பிடிக்கிற ஆள்தான் பிசியோ. டாக்டரிடம் வீரர் போவது வலி தாங்காமல் போன பிறகு. பிசியோ தினமும் மைதானத்தில் இருப்பவர். ஒற்றைக் காலில் நிற்க வைத்துப் பின்னால் வளையச் சொல்லி ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று வலிக்கிறதா என்று பார்ப்பார். இந்த வாரம் வலையில் எத்தனை பந்து, ஆட்டத்தில் எத்தனை, போன நாலு வாரச் சராசரி எவ்வளவு என்று நோட்டில் எழுதுவார். வாரம் 100 பந்து வீசிக்கொண்டிருந்த பையன் திடீரென்று 250 வீசினால் அவருக்கு மணி அடிக்கும். டேப் சுற்றிய டென்னிஸ் பந்தில் தெருவில் வளர்ந்து, சட்டென்று கெட்டிப் பந்துக்கும் பெரிய தொடருக்கும் தூக்கிவிடப்படும் பையன்கள் நிறைந்த பாகிஸ்தானில் இந்த நோட்டுக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு இவன் வீசக்கூடாது என்று கேப்டனின் முகத்துக்கு நேரே சொல்வதும் அவர் வேலைதான். அதற்கு அறிவும் வேண்டும், நெஞ்சில் துணிவும் வேண்டும். அன்று பெரியப்பா சிரித்த பிறகும் நோட்டை மூடாமல் வைத்திருந்தாளே, அந்தத் துணிவு உங்கள் மகளிடம் இருக்கிறது.

இது எங்கேயோ மெல்போர்னில் நடக்கிற சமாசாரம் என்றும் நினைக்க வேண்டாம். சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) அங்கீகரித்த பந்துவீச்சு ஆய்வகம் இருக்கிறது. உடம்பில் சின்னச் சின்ன ஒளிரும் உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் கேமராக்களை வைத்து, பந்து வீசும்போது முழங்கை விதி அனுமதிக்கும் 15 டிகிரிக்கு மேல் நிமிர்கிறதா என்று அளப்பார்கள். பாகிஸ்தானின் சயீத் அஜ்மலும் முகமது ஹஃபீஸும் 2015-ல் சென்னைக்கு வந்து கையைச் சோதித்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் சுழற்பந்துக்காரர்கள்தான், ஆனாலும் பாகிஸ்தான்காரர் முழங்கை நமக்கு எதுக்கு என்ற பெரியப்பாவுக்கு என் பதில் இதுதான். 1999-ல் சேப்பாக்கத்தில் நம்மைத் தோற்கடித்த பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டியதும் நம் ஊர்தான்.

படிப்பு விவரம் சொல்கிறேன். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு படித்திருக்க வேண்டும், முதலில் பிபிடி என்ற பிசியோதெரபி இளநிலைப் பட்டம். முன்பு அது பயிற்சிக் காலத்தோடு நாலரை வருடமாக இருந்தது. பிசியோதெரபி உள்ளிட்ட துறைகளுக்காக 2021-ல் வந்த மத்தியச் சட்டத்துக்குப் பிறகு பாடத்திட்டமும் சேர்க்கை விதிகளும் மாறி வருவதால், விண்ணப்பிக்கும் வருடத்தின் கையேட்டை மட்டும் நம்புங்கள், போன வருடம் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையன் சொல்வதை நம்பாதீர்கள். திருச்சியில் அரசு பிசியோதெரபி கல்லூரி இருக்கிறது, முதல் குறி அதுதான். முடித்ததும் இரண்டு வருட எம்பிடி என்ற முதுநிலைப் பட்டம், அதில் விளையாட்டுப் பிரிவு. மனித அசைவின் அறிவியலில் ஆர்வம் முற்றினால் சென்னைக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. படிக்கும்போதே சனி, ஞாயிறில் ஏதாவது ஒரு மாவட்ட லீக் அணியோடு நிற்க வேண்டும். தண்ணீர் கொடுக்கக்கூட நிற்கட்டும். பிற்பாடு வேலை கேட்கும்போது மதிப்பெண்ணுக்கு அடுத்து எல்லோரும் பார்ப்பது அந்த அனுபவத்தைத்தான்.

ஆரம்பச் சம்பளம் குறைவு. இதை மறைக்க மாட்டேன். முதல் நாலைந்து வருடம் மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ கை வலிக்க வேலை இருக்கும், இந்திய அணியின் பெட்டியோடு விமானம் ஏறுவது ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். ஆனால் கிரிக்கெட் மட்டுமே விளையாட்டு இல்லை. கபடி, கைப்பந்து, தடகளம், பள்ளிகள், அகாடமிகள் என்று எல்லா இடத்திலும் உடம்பு நோகிறது.

பணத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன், அம்மா. தோட்டத்தை விற்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மேனேஜ்மென்ட் எம்பிபிஎஸ் சீட்டுக்குப் பெரும்பாலும் வருடத்துக்கு இருபது லட்சத்துக்கு மேலே போகும், விடுதி, புத்தகம் தனி. அந்தத் தோட்டத்தின் வருமானத்தில்தான் உங்கள் மாமியாருக்கு மருந்து வாங்குகிறீர்கள் என்று நீங்களே சொன்னீர்கள். விற்றுப் படிக்க வைத்தால், பிடிக்காத படிப்பில் தோட்டத்தின் பாரத்தையும் தலையில் வைத்துக்கொண்டு உட்காருவாள். அதே போல பிபிடிக்கும் நன்கொடை கேட்கிற கல்லூரி வாசலை மிதிக்காதீர்கள். சீட் வாங்கித் தருகிறேன் என்று போனில் பேசுகிற யாருக்கும் ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது நீட்டைப் பற்றி: அவளே எழுத விரும்பினால் எழுதட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அவள் விருப்பமில்லாமல் இன்னொரு வருடம் அடைத்து வைப்பதற்கு நான் துணை நிற்க மாட்டேன். இரண்டு முறை எழுதினாள், இரண்டு முறையும் பெரியப்பாவுக்காக எழுதினாள். இதை நானாகச் சொல்லவில்லை. நீங்கள் வெளியே செருப்பு போட்டுக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் சொன்னாள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்கவில்லை, சொல்லிவிடுங்கள் சார் என்றுதான் கேட்டாள்.

வருகிற சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வாருங்கள். பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வாருங்கள். பெரியப்பாவும் தாராளமாக வரட்டும், அவர் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முதல் அரை மணி நேரம் பொண்ணு பேசுவாள், நாம் எல்லோரும் கேட்போம். அந்த நோட்டையும் கொண்டு வரச் சொல்லுங்கள். மூன்றாம் பக்கத்தில் இஹ்சானுல்லாவின் கையை அவள் வரைந்து வைத்திருந்ததை நான் முழுசாகப் பார்க்கவில்லை.