மகள் புள்ளியியல் படிக்க ஆசைப்படுகிறாள்: கடலூர் அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூவில் கணிதம் நன்றாகப் போடும் பெண், என்ஜினீயரிங் வேண்டாம், பி.எஸ்சி. புள்ளியியல்தான் என்று பிடிவாதமாக நிற்கிறாள். "கொரோனா சமயத்தில் டி.வி.யில் தினமும் எண்ணிக்கை சொன்னார்களே, அதை எழுதி வைக்கிற வேலைக்கா மூன்று வருஷப் படிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொரோனாவையே எடுத்துக்கொள்வோம். இந்தப் படிப்பு எதற்கு என்று புரிய வைக்க அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

2020 மே தொடக்கத்தில் நம் மாவட்டம் பட்ட பயம் நினைவிருக்கும். கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து திரும்பியவர்களைப் பரிசோதித்ததில், ஒரே நாளில் நூற்றுக்கும் மேல் என்று செய்தி வந்தது. அத்தனை பேருக்கும் அன்றைக்கா நோய் வந்தது? பரிசோதனை முடிவு வந்த நாள் அது, அவ்வளவுதான். யாரை, எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து ஊர் நிலவரம் சொல்ல முடியாது. அதனால்தான் ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தனியாக ரத்தப் பரிசோதனை ஆய்வு நடத்தியது. 2020 மே–ஜூனில் நாடு முழுக்க 28,000 பேரிடம் ரத்தம் எடுத்து, வயது வந்தவர்களில் 0.73 சதவீதம் பேருக்குத்தான் தொற்று வந்திருக்கும் என்று கணித்தார்கள். அந்த 28,000 பேரை எப்படிப் பொறுக்கினார்கள் என்பதில்தான் புள்ளியியல் இருக்கிறது.

வேலையின்மைக் கணக்கு இன்னும் ஆழமானது. தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் தொழிலாளர் கணக்கெடுப்புப்படி, 2020 ஏப்ரல்–ஜூனில் நகரங்களில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வேலையின்மை 20.8 சதவீதம். அதே கணக்கெடுப்பின் 2019–20 ஆண்டறிக்கையைத் திறந்தால் நாடு முழுமைக்கும் 4.8 என்று இருக்கும். முந்தைய ஆண்டு 5.8. ஊரே முடங்கிக் கிடந்த மாதங்களும் சேர்ந்த ஆண்டில் வேலையின்மை குறைந்ததாம்! பலர் அப்போது கோபப்பட்டார்கள். இரண்டுமே முறையாகக் கணக்கிட்ட எண்கள்தான். முதலாவது நகரத்தை மட்டும் எடுத்து, கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாயா என்று கேட்டது. இரண்டாவது கிராமத்தையும் சேர்த்து, கடந்த ஒரு வருடத்தில் பெரும்பாலும் என்ன செய்தாய், இடையில் முப்பது நாளாவது வேலை பார்த்தாயா என்று கேட்டது.

சென்னையில் ஓட்டல் வேலை போய், பண்ருட்டிப் பக்கம் அப்பாவின் முந்திரித் தோப்பில் கூலியில்லாமல் உதவுகிற ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். கணக்கெடுப்பில் அவனும் வேலையில் இருப்பவன்தான். கையில் காசு கிடையாது, ஆனால் வேலையில்லாதவர் பட்டியலில் அவன் வரமாட்டான். நாட்டில் விவசாயத்தை நம்பியிருக்கும் தொழிலாளர் பங்கு அதே ஆண்டில் 42.5 சதவீதத்திலிருந்து 45.6-க்கு ஏறியதை அந்த 4.8-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவன் கண்ணுக்குத் தெரிவான். இப்படித் தேடிப் பார்க்கத் தெரிந்தவர்கள் நமக்குப் போதாது, அம்மா. நிவாரணம் யாருக்குப் போகும் என்பதே இதை வைத்துத்தான் முடிவாகிறது.

இறப்புக் கணக்கும் அப்படித்தான். நாட்டில் பதிவான இறப்புகள் 2019-இல் சுமார் 76 லட்சம், 2020-இல் 81 லட்சம், 2021-இல் ஒரு கோடிக்கும் மேல். இந்த ஏற்றத்தில் நோயின் பங்கு எவ்வளவு, பதிவு செய்யும் பழக்கம் கூடியதன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்கும் நம் அரசுக்கும் பெரிய கருத்து வேறுபாடு வந்தது. இதைப் பிரித்துப் பார்ப்பவர்தான் உயிர்ப்புள்ளியியலாளர்.

சரி, வேலைக்கு வருவோம். மத்திய அரசில் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது. இடங்கள் மிகக் குறைவு, போட்டி கடுமை. பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புள்ளியியலில் முதுநிலைப் பட்டம் வேண்டும். மத்திய அரசு வேலைகளுக்குப் பட்டதாரிகளை எடுக்கும் எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வு வழியாக இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பதவிக்கு, பிளஸ் டூ கணிதத்தில் 60 சதவீதம் எடுத்து எந்தப் பட்டம் பெற்றாலும் போதும்; இல்லையென்றால் பட்டத்தில் புள்ளியியல் இருக்க வேண்டும். அதனால் இந்த வருடக் கணிதத்தை அவள் அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. மாநில அளவில் டி.என்.பி.எஸ்.சி.யும் புள்ளியியல் சார்நிலைப் பணிகளுக்கு ஆள் எடுக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இது ஏ.சி. அறையில் மட்டும் உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை. கடைகளில் விலை கேட்க, வீடு வீடாகக் கேள்வி கேட்க வெயிலில் ஆள் போக வேண்டும். 2020 மார்ச் 19 முதல் விலை சேகரிப்பவர்கள் நேரில் போவது நின்றதும், ஏப்ரல் மாத விலைவாசிக் குறியீட்டை வழக்கம்போல முழுசாக வெளியிடவே முடியவில்லை. அத்தனை முக்கியமான வேலை, அலைச்சலும் அத்தனை. தனியார் வங்கி, மருந்து ஆராய்ச்சி நிறுவனம் என்று போக நினைத்தால், வெறும் பட்டம் போதாது. ஆர் அல்லது பைத்தான் கணினி மொழி கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

படிக்க ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறை இருக்கிறது. மேற்படிப்புக்குக் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம். மருத்துவப் பக்கம் ஆர்வமிருந்தால் ஜிப்மரும் வேலூர் சி.எம்.சி.யும் உயிர்ப்புள்ளியியலில் பெயர் பெற்றவை.

எங்கே சேர்த்தாலும் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: புள்ளியியல் முதன்மைப் பாடமா, கணிதத்தோடு வரும் துணைப் பாடமா? மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடத்தின் பெயர் எத்தனை பருவத்தில் வரும்? அப்புறம், அவள் அப்பா என்ஜினீயரிங்கை விடச் சம்மதிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இப்போதே வீட்டில் சண்டை வேண்டாம். பொறியியல் கலந்தாய்வுக்கும் கலை அறிவியல் கல்லூரிக்கும் இரண்டுக்குமே விண்ணப்பம் போடட்டும். மதிப்பெண் வந்த பிறகு மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சில் அவளை முதலில் பேச விடுங்கள்.