எடை சரியா இருந்தும் தொப்பை இருந்தா பயப்படணுமா?

கேள்வி: டாக்டர், எங்க அப்பாவுக்கு 58 வயசு. சுகர்னால கிட்னி போயி, கடலூர் ஓல்டு டவுன்லேர்ந்து பாண்டிக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ் போறாரு. உயரம் 165 செ.மீ, டிரை வெயிட் (டயாலிசிஸ்ல அதிகப்படி தண்ணி எடுத்தப்புறம் இருக்கற எடை) 64 கிலோ. அங்க சிஸ்டர் டேப் வச்சி பாத்துட்டு இடுப்பு 98 செ.மீ இருக்கு, ஹார்ட்ட கவனிங்கன்னாங்களாம். பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியான்னு பாக்கற கணக்கு) 23.5 தானே வருது? சாப்பாட்ட குறைக்கணுமா?
- வாசகி, கடலூர்

பதில்: சிஸ்டர் சொன்னது சரிம்மா, அவங்க டேப் எடுத்ததே எனக்கு சந்தோஷம். டயாலிசிஸ்ல இருக்கறவங்க உயிருக்கு பெரிய ஆபத்து ஹார்ட்லேர்ந்துதான் வருது. பிஎம்ஐக்கு அந்த 64 கிலோல தசை எவ்ளோ கொழுப்பு எவ்ளோன்னு தெரியாது, கை கால் மெலிஞ்சி வயிறு மட்டும் முன்னால வந்தவருக்கும் அது நார்மல்னுதான் காட்டும். 2009-ல இத்தாலில 500க்கு மேல கிட்னி நோயாளிங்கள தொடர்ந்து கவனிச்சதுல, ஒரே பிஎம்ஐ இருந்தாலும் இடுப்பு பெருசா இருந்தவங்களுக்குத்தான் ஹார்ட்னால சாவு அதிகம்னு தெரிஞ்சுது. நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு 90, பொம்பளைங்களுக்கு 80 செ.மீ தான் எல்லை. இன்னொரு சுலபமான கணக்கு, இடுப்பு உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும், அப்பாவுக்கு அது 82.5.

டயாலிசிஸ் முடிஞ்சி தண்ணி எறங்கினப்புறம் அளங்க, முன்னாடி அளந்தா தண்ணியும் சேந்து வரும். நிக்க வச்சி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல டேப்ப சுத்தி, மூச்ச விட்டப்புறம் பாக்கணும், வயித்த உள்ள இழுக்க விடாதீங்க. வயித்துல தண்ணி விட்டு டயாலிசிஸ் பண்றவங்கன்னா அத வெளியேத்திட்டு அளக்கணும்.

கூடவே மேல்கையையும் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல அளந்து எழுதி வைங்க, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாய இணைச்சி வச்ச இடம்) இல்லாத கைலதான். கை சுத்தளவு மாசாமாசம் குறைஞ்சிகிட்டே வந்தா தசை கரையுதுன்னு அர்த்தம், இடுப்பு ஏறுறத விட சில சமயம் இதுதான் எனக்கு அதிக கவலை.

அதனால தயவுசெஞ்சி பட்டினி மட்டும் போடாதீங்க! ஹீமோடயாலிசிஸ்ல, அதாவது மெஷின்ல ரத்தத்த சுத்தம் பண்ற டயாலிசிஸ்ல, இருக்கறவருக்கு கிலோவுக்கு தினம் 1லேர்ந்து 1.2 கிராம் புரோட்டீன் தேவை. முட்ட வெள்ளக்கரு, ஹார்பர்ல வர்ற ஃபிரெஷ் மீன் குடுக்கலாம், அளவ டயட்டீஷியன்கிட்ட கேட்டுக்கோங்க. கருவாடு ஊறுகாய் வேணாம், உப்பு தாகத்த கூட்டும், தண்ணி ஏறும், ஹார்ட்டுக்குத்தான் செரமம். டயாலிசிஸ் இல்லாத நாள்ல சாயங்காலம் கொஞ்சம் நடக்கட்டும். இந்த ரெண்டு அளவையும் நெஃப்ராலஜிஸ்ட்கிட்ட (கிட்னி டாக்டர்) காட்டி எக்கோ (ஹார்ட் ஸ்கேன்) எடுக்கணுமான்னு கேளுங்க, நடக்கறப்ப நெஞ்சு அடைச்சாலோ படுத்தா மூச்சு வாங்கினாலோ அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் காத்திருக்காம உடனே கூட்டிட்டு போயிடுங்க.