கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்

வாகனம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டில் ஏழு பேர், அதில் இரண்டு சிறு பிள்ளைகள், வயதான அப்பா, அம்மா. மினிவேன் எடுக்கப் போகிறோம். ஷோரூமில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஸ்டீயரிங்கைக் கடைசியில் பிடிக்கலாம். முதலில் மூன்றாவது வரிசைக்குப் போங்கள். வீட்டிலேயே உயரமானவர் முன் சீட்டைத் தனக்குத் தோதாக வைத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் அவருக்குப் பின்னால், அதற்கும் பின்னால் நீங்கள். நடு வரிசையை முழுக்க முன்னே தள்ளி வைத்துவிட்டு, "எவ்வளவு இடம் பாருங்க சார்" என்று காட்டுவது விற்பனைக்காரர்களின் பழைய வித்தை. முட்டி மேலே தூக்கிக்கொண்டு நின்றால், சீட் தரையை ஒட்டி இருக்கிறது என்று அர்த்தம். தொடைக்குத் தாங்கல் கிடைக்காது. நீண்ட பயணத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அப்படியே ஏசியைப் போட்டு 15 நிமிடம் அங்கேயே இருங்கள். சில வண்டிகளில் பின்பக்கத்துக்குத் தனிக் கூலிங் காயில் உண்டு. சிலவற்றில் வெறும் ப்ளோயர்தான். உள்ளே இருக்கும் காற்றையே இழுத்துத் தள்ளும்.

உங்கள் வீட்டுக்கு உண்மையான சிக்கல் குழந்தை இருக்கையில்தான் வரும். குழந்தை இருக்கையை வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பல வண்டிகளில் நடு வரிசையில் மட்டுமே இருக்கும். அங்கே இருக்கையைப் பொருத்திவிட்டால் அந்த சீட்டை மடக்க முடியாது. மூன்றாவது வரிசைக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். அதனால் நடுவில் நடைபாதை விட்ட தனித்தனி கேப்டன் சீட்களே உங்களுக்குச் சரி. குழந்தை இருக்கையை ஷோரூமுக்கே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். கீழே இரண்டு கொக்கிகள் மட்டும் போதாது, குழந்தை இருக்கை முன்னே சாயாமல் பிடிக்கும் மேல் பட்டைக்கான வளையம் எங்கே இருக்கிறது என்றும் தேடுங்கள். கடைசி வரிசையில் தாத்தா பாட்டியை உட்கார வைப்பதாக இருந்தால் அவர்களையே ஏறி இறங்கச் சொல்லுங்கள். மற்றவர் சொல்லும் 'ஏறலாம்' கணக்கில் வராது.

இன்னொரு கணக்கு பலரும் போடுவதில்லை. மொத்த அனுமதி எடை 2,300 கிலோ, வெற்று எடை 1,780 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 520. சராசரி 65 கிலோ வீதம் ஏழு பேருக்கு 455 போனால், பெட்டிகளுக்கு 65 கிலோதான். வண்டி நிரம்பும்போது டயர் காற்றழுத்தத்தையும் கூட்ட வேண்டும். அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருக்கும்.

கேள்வி: மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

பதில்: கண்ணைத் திறந்தே வாங்குங்கள். எந்த ஆண்டுச் சோதனை, எந்த வேரியன்ட் என்று பாருங்கள். விதிகள் கடுமையாகிக்கொண்டே வருவதால் பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல. முன் சீட்டுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பின்னால் கிடைப்பதும் உறுதியில்லை. வண்டிகளை மோதிச் சோதிக்கும் அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் அமைப்பு 2023-இல், ஓட்டுநருக்குப் பின்னால் சிறிய உருவப் பொம்மையை வைத்து மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதிப் பார்த்தது. கிரைஸ்லர் பசிபிகா, கியா கார்னிவல், ஹோண்டா ஒடிசி, டொயோட்டா சியன்னா ஆகிய நான்கு மினிவேன்களில் ஒன்றுகூட 'ஏற்கத்தக்கது' என்ற தரத்தைத் தொடவில்லை. எனவே பின் சீட் பெல்ட்களில் ப்ரீடென்ஷனரும் லோடு லிமிட்டரும் உண்டா என்று கேளுங்கள். முன்னது மோதிய கணத்தில் பெல்ட்டை இறுக்கும். பின்னது மார்பு நசுங்காமல் சற்றே விட்டுக்கொடுக்கும். ஏர்பேக் எண்ணிக்கையைவிட, பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கடைசி ஜன்னல் வரை நீள்கிறதா என்பதே முக்கியம்.

கேள்வி: மின்சார ஸ்லைடிங் கதவு பாதியில் நின்று திரும்பிப் போகிறது. மோட்டார் போய்விட்டதா?

பதில்: அவசரப்படாதீர்கள். கீழ்த் தண்டவாளத்தில் மணலோ பிஸ்கட் தூளோ சேர்ந்தால், ஏதோ கை மாட்டிக்கொண்டது என்று நினைத்துக் கதவு பின்வாங்கும். வேக்குவம் போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். க்ரீஸை அப்பினால் இன்னும் தூசி ஒட்டும். சரியாகவில்லை என்றால் அடுத்து 12 வோல்ட் பேட்டரியைச் சோதியுங்கள். பெட்ரோல் மூடி திறந்திருக்கும்போது அந்தப் பக்கக் கதவு திறக்காதது பல வண்டிகளில் கோளாறே அல்ல, வேண்டுமென்றே வைத்த பூட்டு.

கேள்வி: 17 அங்குலச் சக்கரமா, 19 அங்குலமா? 19 அழகாக இருக்கிறது.

பதில்: அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சக்கரம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் மெலியும். குழியில் ரிம் அடிபடும், குலுக்கலும் கூடும். 17 போதும். பின்னே போகப் போக மேலேறும் ஜன்னலின் கீழ்க் கோடும் வெளியிலிருந்து பார்க்க ஜோர். உள்ளே உட்காரும் பிள்ளைக்கு வெளியே தெரியாது, குமட்டும்.