நோட்டை அவர் கையில் கொடுங்கள்

கேள்வி: என் கணவர் எலெக்ட்ரீஷியன். 4 வருடம் முன்பு வேலை செய்யும்போது மாடியிலிருந்து விழுந்து முதுகுத் தண்டுவடம் அடிபட்டது. இடுப்புக்குக் கீழ் உணர்வில்லை, வீல்சேரில்தான் இருக்கிறார். வீட்டு வாசலில் ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை போட்டு மாதம் 4,500 ரூபாய் கொண்டுவருகிறார். அச்சகத்தில் எனக்குச் சம்பளம் 11,000. அவருடைய பராமரிப்பு உதவித்தொகை 2,000, எனக்கு மகளிர் உரிமைத்தொகை 1,000. வாடகை 4,000, மளிகை பால் கேஸ் 5,500, பையன் வேன், டியூஷன் 1,500, குழுக் கடன் 2,400, சீட்டு 1,000, சங்கிலி அடகு வட்டி 500, கரண்ட், போன் 900, மருத்துவம் 1,500. நோட்டில் கணக்குப் போட்டால் 1,200 மிச்சம் காட்டுகிறது. ஆனால் 20ஆம் தேதியே கை காலி. நோட்டை எடுத்தாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், "எல்லாம் என்னால் வந்த செலவு" என்கிறார். பேட் செலவைக் குறைக்க இப்போது தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். என் அண்ணன், எண்ணெய் வைத்தியம் பார்த்தால் நடந்துவிடலாம், 40,000 ஆகும், வளையலை அடகு வை என்கிறார். எந்தச் செலவைக் குறைப்பது?
(பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்)

பதில்: அன்புச் சகோதரி, முதலில் தண்ணீர். அதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. தண்டுவடம் பாதித்தவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றும் கல்லும் சுலபமாக வரும், தண்ணீர் குறைந்தால் இன்னும் சுலபம். ஒரு தடவை காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால், பல மாதம் பேட்டில் மிச்சம் பிடித்தது அந்த ஒரே பில்லில் போய்விடும். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, அந்த அளவுக்குப் பாட்டிலை நிரப்பி அவர் பக்கத்திலேயே வையுங்கள்.

அடுத்தது உங்கள் கணக்கு. அதில் பொய் சொல்வது ஒரே ஒரு வரிதான்: "மருத்துவம் 1,500". கடிதத்தின் பின்பக்கத்தில் நீங்களே தனியாகக் குறித்திருக்கிறீர்கள். சிறுநீர் எடுக்கும் டியூப், ஜெல், கையுறை, பேட், யூரின் பேக் எல்லாம் சேர்த்து 2,400. ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆட்டோ 900. கூடப் போகிற அன்று உங்களுக்குச் சம்பளப் பிடித்தம் 800. ஆக 4,100. மற்ற செலவு 15,800. மொத்தம் 19,900, வரவு 18,500. மாதா மாதம் 1,400 துண்டு விழுகிறது. 20ஆம் தேதி கை காலியாவதற்குக் காரணம் இதுதான், உங்கள் ஊதாரித்தனம் இல்லை.

இந்த 2,400 இருக்கிறதே, அது வாடகை மாதிரி. உடம்பு நன்றாக இருக்கிற மாதமும் கொடுத்தாக வேண்டும். அதனால் சம்பளம் வந்த அன்றே முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். ஒவ்வொன்றாக மெடிக்கலில் வாங்காமல், மதுரை மொத்தக் கடைகளில் பெட்டிக் கணக்கில் விலை கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

இந்த வேலையை யார் பார்ப்பது? அவர்தான். கடையில் வரவு செலவு பார்க்கிறவருக்கு வீட்டுக் கணக்கு பெரிய விஷயமா? அவருடைய ஏடிஎம் கார்டை நீங்கள் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பீர்கள், ஆனாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உதவித்தொகை 2,000 அவர் கணக்கிலேயே கிடக்கட்டும், கடை வருமானத்திலிருந்து 700 அதில் சேரட்டும். தன் பொருளைத் தானே விலை கேட்டு, தானே போனில் பணம் அனுப்பி வாங்கட்டும். மீதி 300ஐ அவர் தொடக் கூடாது. வீல்சேர் டயர், குஷன் மாதிரி சில வருடத்துக்கு ஒருமுறை வருகிற செலவுக்கு அது. குஷன் அமுங்கிப்போனதைக் கவனிக்காமல் விட்டால் புண் வரும், உணர்வில்லாத இடத்தில் வந்த புண் ஆறுவதற்குள் வீடே ஆட்டம் கண்டுவிடும். தபால் ஆபீஸில் மாதம் 100 ரூபாயிலிருந்தே ஆர்.டி. (மாதச் சேமிப்பு) போடலாம். ஆனால் அது 5 வருடக் கணக்கு, அவசரத்துக்கு உதவாது. வங்கியிலேயே இருக்கட்டும். கணக்கு நோட்டும் இனி அவரிடமே இருக்கட்டும். தன்னைச் செலவாக நினைத்துக்கொண்டிருக்கிற மனிதரிடம் ஆறுதல் வார்த்தை எத்தனை சொன்னாலும் ஏறாது, பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

துண்டு விழுகிற 1,400க்கு வருவோம். சீட்டு இன்னும் எடுக்கவில்லை, 7 மாதம் பாக்கி என்கிறீர்கள். ஏலச்சீட்டு கடைசி மாதங்களில் தள்ளு அதிகம் போகாது. இப்போதே எடுத்து அடகில் இருக்கிற சங்கிலியை மீட்டுவிடுங்கள். மாதம் 500 வட்டி அன்றோடு நிற்கும். குழுக் கடன் 5 மாதத்தில் முடிகிறது. முடிந்த மறுநாளே "புதுசா போட்டுத் தர்றோம் அக்கா" என்று வருவார்கள். வேண்டாம் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த 2,400 கையில் நின்றாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மளிகையில் கை வைக்காதீர்கள், அங்கே குறைக்க ஒன்றும் இல்லை.

மிச்சம் இருப்பது ஆட்டோவும் சம்பளப் பிடித்தமும். டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வருபவருக்கும் இலவசம் என்பது சரி, ஆனால் உங்கள் ஊர் பஸ் படியில் வீல்சேர் எப்படி ஏறும்? அந்தச் சலுகையை நம்பி பட்ஜெட் போட முடியாது. வேறு இரண்டு வழி இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து வையுங்கள், பிசியோவுக்காக மட்டும் போகிற நாட்கள் குறையும். இன்னொன்று, இரண்டு கால்களும் பாதித்து, கைகளில் வலு இருப்பவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை அரசு இலவசமாகத் தருகிறது. அது வந்துவிட்டால் நீங்கள் லீவு போடாமல் அவரே ஆஸ்பத்திரிக்குப் போய்வரலாம், ஜெராக்ஸ் பேப்பரும் அவரே வாங்கி வரலாம். பெட்ரோல் போட்டாலும் ஆட்டோ அளவுக்கு ஆகாது.

அண்ணன் பாசத்தில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் 4 வருடமாக உணர்வு திரும்பாத தண்டுவடத்தை எண்ணெய் சரிசெய்யும் என்று சொல்பவரிடம் வளையலைக் கொடுக்காதீர்கள். சூடான எண்ணெயும் ஒத்தடமும் உணர்வில்லாத தோலில் பட்டால் வெந்துபோவதுகூடத் தெரியாது. அண்ணனுக்கு உதவ மனமிருந்தால் ஒரு நல்ல குஷன் வாங்கித் தரச் சொல்லுங்கள். அப்படியே தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கிற அமர் சேவா சங்கத்துக்கு ஒரு தடவை கணவரை அழைத்துப் போகச் சொல்லுங்கள். 1981இல் அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணனே தண்டுவடம் பாதித்தவர்தான், கழுத்துக்குக் கீழ் அசைவில்லாமல் இருந்து அத்தனையையும் நடத்தினார். தன்னைப் போன்றவர்கள் அன்றாடத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று உங்கள் கணவர் நேரில் பார்க்க வேண்டும். நீங்களோ நானோ சொன்னால் எடுபடாதது அங்கே எடுபடும்.

ஸ்கூட்டருக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். தாமதமானால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் அவரே மனு கொடுக்கட்டும், ரசீது வாங்க மறக்க வேண்டாம்.