டப்பா நிறைய குவார்ட்டர்

கேள்வி: பல வருடம் அமெரிக்காவில் இருந்த என் மாமா ஒரு டப்பா நிறைய ‘குவார்ட்டர்’ எனும் கால் டாலர் காசுகளைக் கொடுத்தார். அதில் 1776-1976 என்று இரண்டு வருடம் போட்ட ஒன்று இருக்கிறது. இணையத்தில் இதற்கு லட்சக்கணக்கில் விலை போட்டிருக்கிறார்கள். நிஜமா? தேய்த்துப் பளபளப்பாக்கினால் விலை கூடுமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஐயோ, தேய்க்காதீர்கள்! புளி, பற்பசை எதுவும் வேண்டாம். தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள், விலை பாதாளத்துக்குப் போய்விடும்.

அந்த இரட்டை வருடக் காசு அமெரிக்க சுதந்திரத்தின் 200-வது ஆண்டுக்காக வந்தது, புழக்கத்துக்கு மட்டும் 160 கோடிக்கும் மேல் அடித்தார்கள். பெரும்பாலும் அதன் மதிப்பு கால் டாலர்தான். இணையத்தில் ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், வாங்க ஆள் வந்தாரா, எத்தனைக்கு முடிந்தது என்று பாருங்கள், அதுதான் விலை.

முதலில் காசின் விளிம்பைப் பாருங்கள். செம்பு நிறக் கோடு தெரிந்தால் வெள்ளிக் காசு இல்லை. 1964 வரை போட்டவற்றில் 90 சதவீதம் வெள்ளி, எடை 6.25 கிராம், அதற்கப்புறம் வந்த சாதாரணக் காசு 5.67 கிராம்தான், நகைக்கடைத் தராசே காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளிக் காசு எவ்வளவு தேய்ந்திருந்தாலும் உள்ளே இருக்கும் வெள்ளிக்காவது விலை உண்டு.

அடுத்து வருடமும், எந்த அச்சுசாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்தும். 1932-இல் டென்வரில் 4,36,800, சான் பிரான்சிஸ்கோவில் 4,08,000 மட்டுமே அடித்தார்கள், கழுகு உள்ள பின்பக்கத்தில் இலைக்கொத்துக்குக் கீழே குட்டியாக ‘டி’ அல்லது ‘எஸ்’ இருக்கும். இதில் போலி ஜாஸ்தி, எழுத்து இல்லாத சாதாரணக் காசில் ஒட்டிவிடுகிறார்கள், அதனால் தரச்சான்று இல்லாமல் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். புதுக் காசு என்று ஒதுக்கியும் விடாதீர்கள். 2004 விஸ்கான்சின் மாநிலக் காசில் சோளக்கதிருக்கு ஒரு இலை கூடுதலாக இருந்தாலோ, 2019, 2020 காசுகளில் தலைப் பக்கம் ‘டபிள்யூ’ இருந்தாலோ தனியாக எடுத்து வையுங்கள்.

கேள்வி: மீதியை இங்கே ரூபாயாக மாற்ற முடியுமா?

பதில்: கஷ்டம். பணம் மாற்றுகிறவர்கள் பொதுவாக நோட்டுதான் வாங்குவார்கள். அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிற பிள்ளை யாராவது இருந்தால் கொடுத்துவிடுங்கள், அங்கே காசு போட்டுத் துணி துவைக்கும் இயந்திரங்கள் இன்னும் இருக்கின்றன.